தனம் அக்கா தோட்டத்து ரெகுலேட்டர்

சோலார் ரெகுலேட்டர் ரிப்பேர்ல இருக்கிறவங்களுக்குத் தெரியும், நம்ம மேசையில ஒழுங்கா ஓடுற சாமான் வாங்கினவங்க இடத்துக்குப் போனதும் நம்ம மானத்தை வாங்கிடும். தொண்ணூறுகள்ல கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸ்ல ஒரு சின்னக் கடையில நான் டெஸ்டிங் பார்த்தேன். அதுக்கு முன்னால தெலுக் பங்லிமா காராங்ல ஃபேக்டரி வேலை. வெயில் ஏறினா பேனல் கரண்டை அள்ளிக் கொட்டும். பேட்டரி கொதிச்சுப் போகாம அளந்து விடுறது ரெகுலேட்டரோட வேலை. அது கெட்டா திட்டு வாங்குறது நம்ம வேலை.

பாசார் பையில வந்தது

சுங்கை பூலோவுல ஆர்க்கிட் நாத்து வளர்க்கிற தனம் அக்கா ஒரு மத்தியானம் ரெகுலேட்டரை, சந்தைக்குக் கொண்டு போற பாசார் பையில போட்டுக் கொண்டாந்து என் முன்னால வச்சாங்க. அவங்க தோட்டம் ரொம்ப உள்ளுக்குள்ள, கரண்டு லைன் போகாத இடம். டைமர் வச்ச சின்ன பம்பு ஒண்ணு சோலார்ல ஓடி நாத்து மேல தண்ணியைத் தூறலா அடிக்கணும். உச்சி வெயில்ல அது நின்னா நாத்து போச்சு. அக்கா தையல் வேலையை விட்டுட்டு அந்த நாத்துகளை நம்பி இறங்கினவங்க.

தொறந்து பார்த்தா டிரான்சிஸ்டர் கருகிக் கிடந்தது. மாத்தினேன். பேட்டரி, லைட்டு எல்லாம் கட்டி நாள் முழுக்க ஓட விட்டேன். ஜம்முனு ஓடுச்சு. இனிமே ஒண்ணும் ஆகாதுன்னு வாய்ச்சவடால் வேற விட்டேன். அக்கா சிரிக்கல.

"தங்கச்சி, உன் மேசைக்கு நல்லா வேலை செய்யுது. என் நாத்துக்குச் செய்யுமா?"

ஆளே இல்லாத இடம்

அடுத்த வாரமே திரும்பி வந்துடுச்சு. அதே டிரான்சிஸ்டர், அதே கருகல். ஒரு தட்டு நாத்து முழுசா காஞ்சு போச்சுன்னு அக்கா சொன்னாங்க. எனக்கு வெக்கமா இருந்தது. அதைவிட, ஏன்னு தெரியாம சோறு இறங்கல. டிரான்சிஸ்டரை மாத்தி எடுத்துக்கிட்டு அவங்களோடயே பஸ் ஏறிட்டேன்.

தோட்டத்துல எல்லாத்தையும் அளந்தேன். பேனல் சரி, வயர் சரி, பேட்டரி சரி. கட்டினதும் பம்பு ஓடுச்சு. யாராவது எதையாவது கழட்டுறாங்களான்னு அக்காகிட்ட கேட்டேன். தான் விடியக்காலை பஸ்ல பாசாருக்குப் பூ விக்கப் போயிடுறதாவும், வீட்டுக்காரர் மணியம் அண்ணே வேன்ல பூந்தொட்டி ஏத்திக்கிட்டு செராஸ் போயிடுறதாவும், மத்தியானம் வரைக்கும் தோட்டத்துல ஆளே இல்லைன்னும் சொன்னாங்க. புதுசா மாத்தின டிரான்சிஸ்டரும் சில நாள்ல புட்டுக்கிச்சு. கூட வேலை செய்யுற சேகர்கிட்ட புலம்பினேன். அவன் டீயை உறிஞ்சிக்கிட்டே சொன்னான்:

"ஆளே இல்லாத இடத்துல கெடுதுன்னா பேய்தான் லா. மீட்டரை வச்சிட்டு பூசாரியைக் கூப்பிடு."

பளபளன்னு ஒரு பேட்டரி

வீட்டுக்குப் போற வழியில திடீர்னு பொறி தட்டுச்சு. ஒரே இடத்துல கிடக்கிற பேட்டரின்னா அதோட முனையில வெள்ளையா பூத்திருக்கும். அக்கா வீட்டு பேட்டரி முனையோ விளக்கி வச்ச குத்துவிளக்கு மாதிரி மின்னுச்சு. அடிக்கடி கழட்டி மாட்டினாத்தான் அப்படி இருக்கும். அக்காவை ஒரு நாள் பாசாருக்கு லீவு போடச் சொல்லிட்டு, நானும் ரெகுலேட்டரை மறுபடி சரி பண்ணி எடுத்துக்கிட்டு காலையிலேயே போய் மாட்டிட்டு நின்னேன்.

வெயில் ஏறுற நேரம். மணியம் அண்ணே ஸ்பேனரோட வந்தார். எங்க ரெண்டு பேரையும் பார்த்து "சாப்டாச்சா?"ன்னு விசாரிச்சுட்டு, பேட்டரியைக் கழட்டித் தூக்கிட்டுப் போய் வேன்ல மாட்டினார். பம்பு அலற ஆரம்பிச்சுது. நான் ஓடிப்போய் பேனல் வயரைப் புடுங்கினேன். என்ன அண்ணே இதுன்னு கேட்டா, வேன் பேட்டரி செத்து நாளாச்சாம், மத்தியானம் வந்ததும் திருப்பி மாட்டிடுவாராம்.

"பகல்லதான் வெயில் இருக்கே தங்கச்சி, பேட்டரி எதுக்கு? அது ராத்திரிக்குத்தானே?"

காஞ்ச தட்டு

கேக்கிறதுக்கு நியாயமாத்தான் இருந்தது. ஆனா பேட்டரி இல்லேன்னா பேனலோட முழு வோல்ட்டும் ரெகுலேட்டர் தலையில ஏறும், பம்பு மோட்டார் உதைக்கிற உதையை வாங்கிக்கவும் ஆள் கிடையாது, தினமும் தப்பிச்சு ஒரு நாள் கருகும்னு விளக்கினேன். அவருக்கு முகம் செத்துப் போச்சு. ஏன் முன்னாடியே சொல்லலைன்னு கேட்டேன். யாரும் தன்னைக் கேக்கலைன்னார். உண்மைதான், நான் கேட்டதெல்லாம் அக்காகிட்ட.

அக்கா உள்ளே போனாங்க. காஞ்சு போன நாத்துத் தட்டோட வந்து அதை அவர் கையில கொடுத்தாங்க. கத்தல. கண்ணு மட்டும் நிறைஞ்சிருந்தது.

"இதை மடியில வச்சுக்கிட்டு பஸ்ல போங்க. வரும்போது வேனுக்குப் புது பேட்டரியோட வாங்க."

போனார், மடியில வச்சுக்கிட்டுத்தான் போனார். மிச்ச நாத்தெல்லாம் பிழைச்சுது, நானும் அன்னையிலிருந்து யார் ரெகுலேட்டரைத் தூக்கிட்டு வந்தாலும் உங்க வீட்டு வண்டி காலையில ஒழுங்கா ஸ்டார்ட் ஆகுதான்னு விசாரிச்சுட்டுத்தான் மீட்டரையே எடுக்கிறேன்.