நுனி கிள்ளிய தழை

பேய், முனி என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். இருபது வருஷம் கம்பத்திலிருந்து மேலே எஸ்டேட்டுகளுக்கு ஜீப் ஓட்டியிருக்கிறேன், நேரங்காலம் பார்த்ததில்லை, ஒன்றும் என் கண்ணில் பட்டதும் இல்லை. அதனால் இதைக் கேட்டு நீங்கள் சிரித்தால் எனக்கு வருத்தமில்லை. மல்லுக்கட்டி நம்ப வைக்கிற தெம்பும் இப்போது கிடையாது. தெம்பு போனதே அந்த நாளிலிருந்துதான்.

ஜீப்பை விற்றபிறகு மலைமேல் ஒரு தனியார் எஸ்டேட்டில் வழிகாட்டியாகச் சேர்ந்தேன். எஸ்டேட்டுக்குள் ஓர் ஏரி. சாரல் மாதங்களில் அதன் கரையில் நாவல் பழுத்து உதிரும், அதைத் தின்னப் பொழுது சாயும் நேரத்தில் கரடிகள் வரும். வருகிறவர்களை எதிர்க்கரையில் கூடாரம் அடித்துத் தங்க வைத்து, பரணில் உட்கார்த்திக் கரடியைக் காட்டி, மறுநாள் காலையில் கூட்டிவந்து ஜீப்பில் ஏற்றிவிட வேண்டும். கேட்கச் சொகுசாகத்தான் இருக்கும். கரடி பார்த்து எனக்கு அலுத்துப்போச்சு, கரடி பார்க்க வருகிறவர்களைப் பார்த்து அதைவிட அலுத்துப்போச்சு.

காட்டுப்பாதை தொடங்குகிற இடத்தில் ஒரு நடுகல் உண்டு. உள்ளே போகிற ஒவ்வொருவரும் ஒரு தழையை ஒடித்து அதன்மேல் போட்டுவிட்டுப் போக வேண்டும், திரும்பும்போது அவரவர் தழையை அவரவர் எடுத்து வெளியே வீச வேண்டும், அடுத்தவர் தழையைத் தொடக்கூடாது. எஸ்டேட்டில் வேலை பார்க்கிறவர்கள் அதைச் சாமி என்பார்கள். எனக்கு அது வருகைப் பதிவேடு, அவ்வளவுதான். தழை மிச்சமிருந்தால் ஆள் இன்னும் உள்ளே இருக்கிறார் என்று கணக்கு. என்னுடையது தெரியவேண்டும் என்று எப்போதும் கொழுந்து நுனியை இடது கட்டைவிரல் நகத்தால் கிள்ளிவிட்டுப் போடுவேன். நகம் கோணல், அதனால் வெட்டும் சாய்வாக விழும்.

அன்றைக்கு வந்தது மூன்று பேர். தேனி பஜாரில் பாத்திரக்கடை வைத்திருக்கிற சாமுவேல் அண்ணாச்சி, அவர் மகள் ஜெனி, மருமகன். அண்ணாச்சிக்கு எழுபது வயது, நெஞ்சில் ஆபரேஷன் ஆகி ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. சாவதற்குள் காட்டில் ஒரு கரடியைப் பார்க்க வேண்டும் என்று அடம்பிடித்து வந்திருந்தார். மகளும் மருமகனும் சிரித்துக்கொண்டே தழை போட்டார்கள். அண்ணாச்சி கைத்தடியை ஊன்றி நின்றுவிட்டார்.

"ஏப்பா முருகேசா, நான் ஜெபம் பண்ணிட்டுத்தான் வீட்ட விட்டுக் கெளம்புனேன். கல்லுக்கெல்லாம் ஒண்ணும் வைக்க மாட்டேன். என்னய நீ மனசுல எண்ணிக்க."

அவர் சொல்வதும் நியாயம்தானே. இப்படி யாராவது மாட்டேன் என்றால் அவர்களுக்காக நானே ஒன்று போட்டுவிடுவது வழக்கம். அன்றைக்கு முழங்கால் வலி, குனிந்து இன்னொரு கொப்பை ஒடிக்கச் சோம்பல். விட்டுவிட்டேன். ஆள் நாலு, தழை மூன்று.

சாயங்காலம் கரடி வந்தது. முதுகில் குட்டி ஒட்டிக்கொண்டிருந்தது. அண்ணாச்சி வாயில் கைவைத்துக்கொண்டு சத்தமில்லாமல் அழுதார். எனக்கே சந்தோஷமாகத்தான் இருந்தது. பிறகு ஏரியிலிருந்து மஞ்சு ஏறிற்று, பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. கூடாரத்துக்கு வந்து நெருப்பு மூட்டினேன். மகளும் மருமகனும் கூடாரத்துக்குள் படுக்கை விரிக்கிற நேரம், டீக்குத் தண்ணீர் மொண்டுகொண்டு வந்தால் அண்ணாச்சி இருந்த இடத்தில் ஆள் இல்லை, தடியும் இல்லை.

"அண்ணே, அப்பா நெஞ்சு ஆபரேஷன் பண்ணுனவுகண்ணே" என்று ஜெனி அழ ஆரம்பித்துவிட்டாள். யாரும் நெருப்பைவிட்டு நகரக்கூடாது என்று அதட்டிவிட்டு டார்ச்சை எடுத்துக்கொண்டு ஓடினேன்.

கரையைச் சுற்றிக் கூப்பிட்டுக்கொண்டே போனேன். நாவல் மரத்தடியில் அவருடைய கம்பளிக் குல்லா கிடந்தது. பக்கத்தில் கரடி பறித்துப்போட்ட மண், இன்னும் ஈரமாக. குல்லாவை எடுத்துக்கொண்டேன். அந்தப் பெண் முகத்தில் எப்படி முழிப்பேன் என்பதைத் தவிர வேறு நினைப்பே இல்லை. அப்போது மஞ்சுக்குள், தண்ணீருக்கு அந்தப் பக்கம், ஒரு டார்ச் வெளிச்சம் போவது தெரிந்தது. நான் நடந்தால் அதுவும் நடந்தது, நான் நின்றால் அதுவும் நின்றது. மருமகன்தான் சொல் கேளாமல் வந்துவிட்டான் என்று கத்தி வைதேன். நீங்கள் நினைக்கிற மாதிரி என் வெளிச்சம் தண்ணீரில் பட்டுத் தெரிந்ததல்ல. நான் டார்ச்சை அணைத்துப் பார்த்தேன், அது அணையவில்லை.

ஒரு மணி நேரம் இருக்கும். காலை இழுத்துக்கொண்டு குல்லாவோடு மட்டும் கூடாரத்துக்கு வந்தால், அண்ணாச்சி கம்பளியைப் போர்த்திக்கொண்டு டீ குடித்துக்கொண்டிருக்கிறார்.

ஜெனி என்னைப் பார்த்து, "என்னண்ணே, வெறகு எடுக்கப் போனீக, இம்புட்டு நேரமா?" என்றாள்.

"அப்பா எப்பம்மா வந்தாக?"

"என்ன கேக்குறீக? நீங்கதான கூட்டிட்டு வந்தீக! டீயும் போட்டுக் கொடுத்தீகளே."

அண்ணாச்சி தலையை ஆட்டினார். "கரடிய இன்னொருக்கா பாத்துரலாம்னு போயி, தண்ணி ஓரமா வழுக்கிக் கெடந்தேன்பா. மூச்சு வாங்குது, கத்த முடியல. கையப் புடிச்சுத் தூக்குன பாரு, உன் கை அப்படிச் சில்லுனு இருந்துச்சு. ஒரு வார்த்த பேசல நீ. கோவமோன்னு நெனச்சேன்."

என் கையில் அவருடைய குல்லா இருந்தது. "இத அங்கனயே விட்டுட்டீக அண்ணாச்சி" என்று கொடுத்தேன். வேறு என்ன சொல்லச் சொல்கிறீர்கள்? அந்த எஸ்டேட்டில் அன்றைக்கு என்னைத் தவிர வேறு வழிகாட்டி கிடையாது.

விடிந்ததும் இறங்கினோம். நடுகல்லின் மேல் நாலு தழை இருந்தது. ஜெனி ஒன்றை எடுத்தாள், மருமகன் ஒன்றை எடுத்தான். மிச்சம் இரண்டு. இரண்டிலும் நுனி கிள்ளியிருந்தது, இரண்டிலும் வெட்டு ஒரே சாய்வு.

"என்னப்பா முழிக்கிற, பசிக்குது, எடுத்து எறிஞ்சிட்டு வா" என்றார் அண்ணாச்சி. ஒன்றை எடுத்து வீசிவிட்டு வந்தேன்.

அந்த மாதமே வேலையை விட்டுவிட்டேன். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் அண்ணாச்சி போன் போட்டு, "அன்னைக்கு நீ வரலேன்னா நான் இல்லப்பா" என்பார். நானும் சரி அண்ணாச்சி என்பேன். எனக்கோ தூங்கி எழுந்தால் கால் இரண்டும் கழன்று விழுகிற வலி. சர்க்கரை என்பீர்கள். கம்பத்தில் எல்லா டெஸ்ட்டும் எடுத்துப் பார்த்தாச்சு, ஒன்றும் இல்லை. "ராத்திரியெல்லாம் எங்கனயோ அலைஞ்சிட்டு வந்தவுக மாதிரி எந்திரிக்கிறீக" என்கிறாள் என் வீட்டுக்காரி.

போன மாதம் மனசு கேட்காமல் நடுகல்வரை போய்ப் பார்த்தேன். அந்த இன்னொரு தழை அங்கேயே இருக்கிறது. வாடவில்லை. எடுத்துவிடலாம் என்று கை நீட்டினேன், பிறகு மடக்கிக்கொண்டேன். அடுத்தவர் தழையைத் தொடக்கூடாது. அன்றைக்கு நான் எடுத்து வீசினது என்னுடையதுதானா என்பது எனக்கு இன்னும் தெரியவில்லை.