ஓடைத் தண்ணீரை ருசி பார்த்த சிறுபோகம்

கோடை விதைப்பான அந்தச் சிறுபோகத்தில் எங்கள் நெல் குடலையில் நின்றது. கதிர் இன்னும் தண்டுக்குள்ளேயே இருக்கும் அந்தப் பருவத்தில் தண்ணீர் தவறினால் மணி பிடிக்காது, எல்லாம் உள்ளே ஒன்றுமில்லாத சப்பியாகிவிடும் என்று என் கணவர் சாப்பிடும்போதும் சொல்வார், படுக்கும்போதும் சொல்வார். அவர் ஒரு தரம் சொன்னால் நான் நாள் முழுவதும் அதையே நினைப்பேன். விற்பதற்கான நெல் அல்ல அது. பெரும்போகம் வெட்டும்வரை நாங்களும் எங்கள் சின்ன மகளும் உண்ணவேண்டிய சோறு.

வழக்கமாகச் சிறுபோகத்தில் எங்களைப் போன்ற கடைசி வயல்காரர்களை விதைக்க விடமாட்டார்கள். போகம் தொடங்கும் முன் கூட்டம் வைத்து, குளத்தில் கிடக்கும் தண்ணீரைப் பார்த்து, எந்த வாய்க்கால்வரை விதைப்பது என்று முடிவெடுப்பார்கள். அந்த வருடம் எங்களுக்கு அரிசி அனுப்பும் நாடொன்றில் மழை பொய்த்துவிட்டது. தங்கள் சனத்துக்கே காணாது என்று அவர்கள் ஏற்றுமதியை நிறுத்தினார்கள். கடையில் அரிசி விலை ஏறியது. கூட்டத்தில், வட்டை முழுவதும், கடைசி வயல்வரையும் விதைக்கலாம் என்றார்கள். குளத்துத் தண்ணீர் எல்லாருக்கும் காணுமா என்று மெதுவாகக் கேட்டேன்.

“மழை பெய்யும் பிள்ள. பயந்து பயந்தே நீ மெலிஞ்சு போனாய்” என்று யாரோ சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன்.

மழை பெய்யவில்லை. ஈரமில்லாத கச்சான் காற்றுத்தான் அடித்தது. வாய்க்கால் தண்ணீர் எங்கள் வயலை எட்டும் முன்பே வற்றிப்போனது. மிஞ்சியது, வயலுக்குக் கீழே, கடலோடு சேர்ந்த வாவியில் போய் விழும் ஓடைதான். ஓடையில் மேலிருந்து வரும் தண்ணீர் குறையக் குறைய வாவியின் உப்பு அதற்குள் ஏறி வரும். அதனால் தண்ணி மிசின் பூட்டும் முன் யாராவது ஒருவர் கையால் அள்ளி ருசி பார்ப்பது இங்கே வழக்கம். என் கணவர் ஓயாமல் வெற்றிலை போடுகிறவர். தன் நாக்கைத் தானே நம்பமாட்டார்.

“நீ பார். கறியில ஒரு கல்லு உப்புக் கூடினாலும் உனக்குத்தான் தெரியும்” என்றார்.

மகளை இடுப்பில் வைத்தபடி குனிந்து அள்ளினேன். நல்ல தண்ணீர். இன்னொரு தரம் அள்ளினேன்.

“நல்ல தண்ணிதான். ஆனா...”

“ஆனா என்ன?”

“ஒண்டுமில்ல.” ஏதோ உறுத்தியது, என்னவென்று எனக்கே பிடிபடவில்லை.

அவர் மிசினை இயக்கிவிட்டு வரம்புகளை வெட்டிவிட வயலின் மறுபக்கத்துக்குப் போனார். நான் குழாய் வாயருகே நின்றேன். பாய்ந்து வந்த தண்ணீரில் மகள் கையை விட்டு, விரலை வாயில் வைத்தாள். முகத்தைச் சுளித்துத் துப்பினாள்.

நானும் நாக்கில் வைத்துப் பார்த்தேன். உப்பு. நாக்கின் அடிவரை உப்பு.

நான் அள்ளியது மேல் தண்ணீர். நல்ல தண்ணீர் லேசானது, மேலே மிதக்கும். உப்புத் தண்ணீர் கனமானது, அடியில் கிடக்கும். எங்கள் உறிஞ்சு குழாயும் அடியில்தான் கிடந்தது. இதைப் பள்ளிக்கூடத்தில் படித்தவள் நான். கத்தினேன். காற்றிலும் மிசின் சத்தத்திலும் அவருக்குக் கேட்கவில்லை. ஓடிப்போய் மிசினை நிறுத்தினேன். அதற்குள் எங்கள் வயலின் கீழ்ப்பக்கம் பளபளவென்று நிறைந்திருந்தது.

அவர் ஏசவில்லை. ஏசியிருந்தால் பயம் குறைந்திருக்கும். வரம்பை வெட்டி வடியவிடத் தொடங்கினார். ஆனால் நல்ல தண்ணீர் பாய்ச்சிக் கழுவாமல் உப்புப் போகாது. வாய்க்கால் தண்ணீர் மேல் வயல்வரைதான் எட்டியது, அன்று முறை அந்த வயல் மாமிக்கு.

“மாமி, உங்கட முறையில பாதி தாங்க. வயலுக்க உப்பு ஏறிற்று.”

“என்னகா, படிச்ச பிள்ளைக்கு உப்புத் தெரியல்லயா? என்ட மனிசன் குடிச்சிற்று வந்தாலும் கறியில உப்புச் சொல்லுவார்.”

“அடித் தண்ணிய நினைக்கல்ல மாமி.”

“என்ட வயல் காஞ்சா ஆரு சோறு போடுற? அரிசிக் கப்பலும் வராதாம்.”

மாமியின் குரலிலும் என்னுடைய பயமே இருந்தது. மகளின் கன்னத்தைக் கிள்ளிவிட்டு, “பொழுது சாயுமட்டும் எடு. பிறகு ஒரு சொட்டும் கேக்கப்படாது, சொல்லிற்றன்” என்றார்.

நிரப்பினோம், வடித்தோம், மறுபடி நிரப்பினோம். பொழுது சாய்ந்ததும் மாமி தன் மடையைத் திறந்துகொண்டார்.

கதிர் வெளியே வந்து தலை சாயத் தொடங்கியபோது இருவரும் வயலுக்குப் போனோம். மணியை நகத்தால் நசுக்கினால் பால் வரவேண்டும். மேல்பக்கத்தில் ஒன்றை நசுக்கினேன், வெள்ளையாய்ப் பால் கசிந்தது. கீழ்ப்பக்கத்தில் நசுக்கினேன். நகம் நகத்தில் பட்டது. உள்ளே ஒன்றும் இல்லை. அடுத்ததும் அப்படித்தான்.

“என்னவாம்?” என்று என் கணவர் வரம்பில் நின்று கேட்டார்.

“பாதிக்கு மேல சப்பி.”

அவரும் இறங்கி வந்து ஒரு மணியை நசுக்கிப் பார்த்தார். பிறகு, “மேல்பக்கத்த வெட்டுவம். மிச்சத்துக்கு மாட்ட விடுவம்” என்றார். நான் தலையாட்டினேன். ஆனாலும் கீழ்ப்பக்கத்தில் இன்னும் ஒரு கதிரைப் பிடித்து, நசுக்கப் பயந்து, அப்படியே கையில் வைத்திருந்தேன்.