உயிரோடு இருப்பவர்களின் பட்டன்

சோற்றுப் பானையை இறக்கி வைக்க என் வீட்டில் ஒரு அட்டை இருக்கிறது. பிளாஸ்டிக் உறை போட்ட அட்டை. அதில் கட்டம் கட்டமாக இங்கிலீஷ் எழுத்தும், பக்கத்தில் தமிழும் மலையாளமும் அச்சடித்திருக்கும். சூட்டில் உறை சுருங்கிப் பாதி எழுத்து போய்விட்டது. மீதியும் போகட்டும் என்றுதான் தினமும் அதன்மேல் பானையை வைக்கிறேன்.

அந்த அட்டையைச் செய்தவர் நான் வேலை செய்யும் அச்சகத்து முதலாளியின் மருமகன். அச்சகம் மலையாள நாட்டு எல்லைக்குள், கொழிஞ்சாம்பாறையில் இருக்கிறது. கல்யாணம், காதுகுத்து, சீர், கருமாதி, எல்லாப் பத்திரிகையும் அங்கேதான் அடிப்போம். நான் படித்தது நாலாம் வகுப்பு. பத்திரிகை மடித்து மூலையில் மஞ்சள் வைக்கிற வேலைக்குத்தான் சேர்ந்தேன். ஒரு தை மாதம் முகூர்த்த நெருக்கத்தில் கம்ப்யூட்டரில் இருந்த ஆள் சொல்லாமல் கொள்ளாமல் கோயமுத்தூர் போய்விட்டான். முதலாளி என்னைப் பார்த்து, எழுத்துத் தெரியுமல்லவா, உட்கார் என்றார். உட்கார்ந்தேன். பிறகு இருபது வருஷம் எழுந்திருக்கவில்லை.

யார் எதிரே வந்தாலும் தலை குனிந்துகொள்ளும் எனக்கு அந்தத் திரை பெரிய ஒத்தாசை. அதன் பின்னால் உட்கார்ந்தால் வந்தவர்களுக்கு என் நெற்றி மட்டும்தான் தெரியும்.

பத்திரிகையில் வருவதெல்லாம் திரும்பத் திரும்ப ஒரே வரிகள். இரண்டு பட்டனைச் சேர்த்து அமுக்கினால் ஒரு வரி முழுதாக வந்து விழும்படி செய்யலாம் என்று முதலாளி ஒரு நாள் காட்டிக் கொடுத்தார். ஷார்ட்கட் என்பார்கள். அதை நான் பிடித்துக்கொண்டேன். இங்கிலீஷ் எழுத்து எனக்கு ஒன்றும் சொல்லாது. அதனால் இடம் பார்த்து வைத்தேன். கல்யாண வரிகள் நடு வரிசையில், காதுகுத்தும் சீரும் மேல் வரிசையில், கருமாதி கீழ் வரிசையில். எங்கள் பக்கத்தில் பாதிப் பத்திரிகைக்கு இரண்டு முகம் உண்டு. சொந்தக்காரர்களுக்குத் தமிழ், பஞ்சாயத்து ஆபீசுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் மலையாளம். மலையாளத்துக்கும் அதே வரிசைதான். கூட ஒரு பட்டன், அவ்வளவே. என் இடது கைச் சுண்டுவிரல் பழைய மெஷினில் நசுங்கியது, மடங்காது. அந்த விரலைக் கேட்கிற எதையும் நான் வைக்கவில்லை.

இரண்டே இரண்டு சொல்லை மட்டும் வெகு தூரம் தள்ளி வைத்திருந்தேன். உயிரோடு இருப்பவர் பெயருக்கு முன்னால் 'திரு' போடுவோம். இறந்தவருக்குத் 'தெய்வத்திரு'. எங்கள் பக்கத்துப் பத்திரிகையில் தாத்தா, பாட்டன் எல்லோரும் வருவார்கள், அவர்களில் பாதிப் பேர் போய்ச் சேர்ந்தவர்கள். ஆரம்பத்தில் இரண்டு சொல்லையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்திருந்தேன். ஒரு தடவை விரல் தவறி, உயிரோடு இருந்த ஒரு பெரியவருக்குத் தெய்வத்திரு விழுந்துவிட்டது. ப்ரூஃப் பார்க்க அவரே வந்திருந்தார். திட்டவில்லை. காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு அந்த ஒரு சொல்லையே வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். அன்று சாயங்காலமே திருவை இடது ஓரத்துக்கும் தெய்வத்திருவை வலது ஓரத்துக்கும் மாற்றினேன். கை அவ்வளவு தூரம் போகும்போது புத்தியும் கூடவே போகும்.

முதலாளிக்கு ஒரு பக்கம் கை கால் விழுந்தபின் மருமகன் வந்தார். கோயமுத்தூரில் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருந்தவர். கடையில் மூன்று கம்ப்யூட்டர். என்னுடையது ஒரு மாதிரி, மற்ற இரண்டில் இருந்த பெண்களுடையது வேறு வேறு மாதிரி. ஒருத்தி லீவு போட்டால் இன்னொருத்தி அந்த மெஷினைத் தொட முடியாது. மூன்றும் ஒன்றாக இருக்க வேண்டும் என்றார். அது நியாயம்தான், இப்போதும் சொல்கிறேன். உங்கள் மெஷினில் இருப்பதையெல்லாம் ஒரு நோட்டில் எழுதிக் கொடுங்கள் என்று கேட்டார். இரண்டு நாள் பென்சிலில் எழுதிக் கொடுத்தேன். நான் வைத்ததையே எல்லோருக்கும் வைக்கப் போகிறார் என்று நினைத்தேன். வெட்கத்தை விட்டுச் சொன்னால், அந்த இரண்டு நாளும் சந்தோஷமாக இருந்தேன்.

அட்டை வந்தது. வரிகள் அத்தனையும் என்னுடையவை, ஒரு புள்ளி மாறவில்லை. பட்டன்கள் அவருடையவை. எல்லாம் இங்கிலீஷ் எழுத்துக் கணக்கு. திருவுக்கு ஒரு பட்டன். அதோடு சுண்டுவிரலால் ஷிப்டையும் பிடித்துக்கொண்டால் தெய்வத்திரு. அட்டையின் அடியில் 'வடிவமைப்பு' என்று போட்டு அவர் பெயர்.

அந்த இரண்டைப் பற்றி மட்டும் சொல்லிவிட வேண்டும் என்று அரை நாள் மனசுக்குள் ஒத்திகை பார்த்துவிட்டுப் போய் நின்றேன்.

"அந்த ரெண்டையும் எட்ட எட்ட வெச்சா நல்லதுங்க."

"ஏனுங்க பெரீம்மா, பக்கத்துல இருந்தா செத்தவங்க வந்து ஒட்டிக்குவாங்களா?"

அந்தப் பெண்கள் இரண்டு பேரும் சிரித்தார்கள். நான் என் இடத்துக்கு வந்து உட்கார்ந்தேன்.

அவருடைய பட்டன்கள் என் விரலுக்கு ஒத்துவரவில்லை. அரை மணியில் முடித்த பத்திரிகை ஒன்றரை மணி இழுத்தது. ஒரு மாதம் போனது. ஒருநாள் பத்திரிகைக்கு வந்த ஒரு பண்ணைக்காரரிடம், நான் அங்கேயே நிற்கும்போது, நாலாங்கிளாஸ் படிச்சவங்களுக்கு இதெல்லாம் செரிப்பட்டு வராதுங்க என்று மருமகன் சொன்னார். மறுநாள் என் நாற்காலியில் புதிதாக ஒரு பெண். நான் மடிக்கிற மேஜைக்கு வந்து சேர்ந்தேன்.

முதல் வாரமே ஒரு பத்திரிகையில் தேதி ஒன்று, கிழமை வேறொன்று. எடுத்துக்கொண்டு போய்க் காட்டினேன். பார்த்தார், திருத்தவும் செய்தார். பிறகு சொன்னார்: "மடிக்கறவங்க மடிச்சாப் போதுமுங்க. படிக்கறதுக்கு இங்க ஆளிருக்குது."

இதை நான் மறக்கவில்லை. எட்டு மாதம் தினமும் நினைத்தேன். அவருடைய கீபோர்டில் டீயைக் கொட்டலாமா என்று யோசித்திருக்கிறேன். பட்டன்களைப் பெயர்த்து மாற்றி ஒட்டிவிடலாமா என்றும் யோசித்திருக்கிறேன். வெள்ளிக்கிழமை தோறும் மாரியம்மனிடம் போய் நிற்பேன். அவருக்குக் காய்ச்சல் வர வேண்டும், கால் ஒடிய வேண்டும் என்றெல்லாம் கேட்கவில்லை. கை கால் நன்றாக இருக்கட்டும். நாலு பேர் முன்னால் என்னைப் போலத் தலை குனிந்து நிற்கட்டும். அதை மட்டும் கேட்டேன். மற்றவர்கள் வேண்டுதல் வைத்தால் விளக்குப் போடுவார்கள். நான் அதுகூடப் போடவில்லை. முதலில் நடக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

அவர் புது வீடு கட்டினார். புதுமனை புகுவிழாப் பத்திரிகையை அவரே அடித்தார். மூன்று பெண்களும் பின்னால் நிற்க, அட்டையைப் பார்க்காமல், பேசிக்கொண்டே பத்து நிமிஷத்தில் முடித்துவிட்டார். எங்கள் கடையில் பத்திரிகை அடிக்கக் கொடுத்தவர் கையெழுத்துப் போடாமல் ப்ரூஃப் மெஷினுக்குப் போகாது. இது அவருடைய வீட்டு விசேஷம், ஆகவே கையெழுத்துப் போட வேண்டியவரும் அவரே. ப்ரூஃபை எடுக்கக்கூட இல்லை.

ஐந்நூறு தாள் என் மேஜைக்கு வந்தது. முதல் தாளை மடிக்க எடுத்தேன். அவருடைய தாத்தாவுக்குத் தெய்வத்திரு. அப்பாவுக்குத் தெய்வத்திரு. இரண்டும் சரி. கீழே, எல்லோரையும் அழைக்கிறவர் பெயர் வருகிற இடத்தில், அவர் பெயருக்கு முன்னாலும் தெய்வத்திரு.

எப்படி விழுந்தது என்று பார்த்ததுமே தெரிந்துவிட்டது. இறந்த இரண்டு பேருக்கும் ஷிப்டை அமுக்கிய சுண்டுவிரல், அதே வேகத்தில் அவர் பெயருக்கும் அமுக்கியிருக்கிறது. மூன்று தடவை படித்தேன். இரண்டு எட்டுத் தள்ளி நின்று சமையல்காரரிடம் போனில் பேசிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

கிண்ணத்தில் மஞ்சளைக் குழைத்தேன்.

கருமாதிப் பத்திரிகைக்கு மஞ்சள் வைக்க மாட்டோம். சாவுச் சொல் இருக்கும் பத்திரிகைக்கு நாலு மூலையிலும் மஞ்சள் வைத்தவள் இந்தப் பக்கத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். ஒன்றுகூட ஈஷவில்லை, ஒரு மடிப்புகூடக் கோணவில்லை. முதலாளி மகளை, மருமகனின் மனைவியை, நினைத்தபோது கை ஒரு தடவை நின்றது. அந்தப் பெண் எனக்கு ஒரு கெடுதலும் செய்ததில்லை. பிறகு அன்று கடையில் எழுந்த அந்தச் சிரிப்பு ஞாபகம் வந்தது. கை ஓடியது.

கொழிஞ்சாம்பாறையிலிருந்து வாளையார் வரைக்கும் இரண்டு நாள் பைக்கில் அலைந்து அவரே வீடு வீடாகப் பத்திரிகை வைத்தார். மூன்றாம் நாள் காலையில் அவருடைய மாமன் முறை ஆகிற ஒருவர் கடைக்குள் வந்தார். கண்ணாடியை மாட்டிப் பத்திரிகையைப் பிரித்தார்.

"ஏனுங்க மாப்பிள்ளை, எப்பப் போய்ச் சேந்தீங்க? எங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லியுடலீங்களே."

மருமகனுக்குப் புரியவில்லை. வந்தவர் அந்தச் சொல்மேல் விரலை வைத்துக் காட்டினார். அதன் பிறகு போன் அடித்தது, வைத்தால் மறுபடி அடித்தது. தபாலில் பத்திரிகை வந்ததும் யாரிடமும் கேட்காமல் பஸ் ஏறிவிட்ட ஒரு வெளியூர் அத்தை, அன்று காலை அவர் வீட்டு வாசலில் நின்று ஒப்பாரி வைத்தாளாம். அவர் பல் தேய்த்துக்கொண்டே வெளியே வந்தாராம். அந்த அத்தை எதற்கு அழுதாள் என்பது அவருக்குக் கடையில்தான் தெரிந்தது.

கடையில் வாடிக்கைக்காரர்கள் நாலைந்து பேர் இருந்தார்கள். மூன்று பெண்களும் திரையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அவர் நேரே என் மேஜைக்கு வந்தார்.

"ஐந்நூறையும் நீங்கதான மடிச்சீங்க. பாக்கலீங்களா?"

"பாத்தனுங்க."

"பாத்துப்போட்டு ஏன் சொல்லலீங்க?"

வாழ்நாளில் நாலு பேர் முன்னால் நான் குரலை உயர்த்தியதில்லை. அன்றும் உயர்த்தவில்லை. "மடிக்கறவங்க மடிச்சாப் போதும்னு சொன்னீங்களுங்க" என்றேன்.

அவர் தலை குனிந்தது. நான் நன்றாகப் பார்த்தேன். அன்று சாயங்காலம் அம்மனுக்கு விளக்குப் போட்டேன்.

மறுநாள் முதலாளியைக் காரில் வைத்துக் கூட்டி வந்தார்கள். காரை விட்டு இறங்க முடியாது. பத்திரிகையைப் பார்த்தார், பிறகு ஜன்னல் வழியாகக் கடைக்குள் என் நாற்காலியைப் பார்த்தார். பாதி வாய்தான் பேசும். "அந்தம்மாவை உக்கார வையி" என்றார்.

உட்கார்ந்தேன். மூன்றும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று மருமகன் சொன்னது நியாயம் என்றேன் அல்லவா? மூன்றையும் ஒன்றாக்கினேன். என் இடம், என் வரிசை. திரு இடது ஓரத்தில், தெய்வத்திரு வலது ஓரத்தில். புதிதாக வந்த பெண் மடிக்கிற மேஜைக்குப் போனாள், மற்ற இரண்டு பெண்களும் ஒரு வாரத்தில் பழகிக்கொண்டார்கள். மூன்று அட்டையையும் சுவரிலிருந்து எடுத்தேன். இரண்டைக் குப்பையில் போட்டேன், ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். நான் பென்சிலில் எழுதிய நோட்டையும் அவர் மேஜையிலிருந்து எடுத்துக்கொண்டேன்.

அவசரத்துக்கு மருமகன் சில நாள் கம்ப்யூட்டரில் உட்காருவார். கல்யாணம் எங்கே, காதுகுத்து எங்கே என்று ஒற்றை விரலால் தடவித் தடவித் தேடுவார். நான் பக்கத்து மெஷினில்தான் இருப்பேன். கேட்டால் சொல்வேன். இன்னும் கேட்கவில்லை.