ஐந்து வாத்துக்கு ஒரு குழாய்

இரண்டாயிரத்துப் பதினொன்றாம் ஆண்டு மழைக்காலத்தில்தான் ஆய்வாளர் வாத்துக்காரம்மாவை முதன்முதலாகச் சந்தித்தார். பண்ணை வாத்துகளைத் தாக்கும் வைரஸை ஒரே நாளில் கண்டறியும் சோதனையை அவருடைய ஆய்வகம் உருவாக்கிக்கொண்டிருந்தது. அதற்கு வாரந்தோறும் வாத்துகளின் தொண்டையிலிருந்து பஞ்சுக்குச்சியால் மாதிரி எடுக்க வேண்டும். மற்ற பண்ணைக்காரர்கள் கையை விரித்துவிட்டார்கள்; அந்த அம்மாள் ஒருவர்தாம் சம்மதித்தார்.

முழங்கால் அளவு சேற்றில் நின்று, ஒரு கையால் இறகுகளைச் சேர்த்து அணைத்து, மறு கையால் அலகைத் திறந்து பிடிப்பார்.

"எனக்கு வருஷம் பூரா சளி, எட்டிப் பார்க்க நாதியில்ல. இதுங்க தொண்டையைத் துடைக்க டாக்டரே வர்றாரு" என்பார்.

மூன்றாம் ஆண்டில் சோதனை நடைமுறைக்கு வந்தது. கரைசலை மிச்சப்படுத்த, ஐந்து வாத்துகளின் மாதிரிகளிலிருந்து சிறிது சிறிது எடுத்து ஒரே குழாயில் கலந்து பார்ப்பது வழக்கம். ஒரு நாள் அந்த அம்மாளின் குழாய்களுள் ஒன்று நோய் உண்டு என்று காட்டியது. நோய் பரவாமலிருக்க, மறுநாள் மாலைக்குள் அவருடைய எண்ணூறு வாத்துகளும், வேலிக்கு அப்பால் அவருடைய ஓரகத்தி, அதாவது கொழுந்தனின் மனைவி, வளர்த்த முந்நூறும் கொல்லப்பட்டன. சீக்கை வளர்த்துத் தன் வாயில் மண்ணைப் போட்டவள் என்று ஓரகத்தி போவோர் வருவோரிடமெல்லாம் தூற்றினார். அம்மாளின் முகத்தில் விழிப்பதையே விட்டுவிட்டார்.

ஆய்வாளருக்கு மனம் ஆறவில்லை. குளிர்பெட்டியில் எஞ்சியிருந்த அந்த ஐந்து மாதிரிகளையும் தனித்தனியே சோதித்தார். ஒன்றில்கூட நோயில்லை. பதிவேட்டைப் புரட்டினார். ஒப்பிட்டுப் பார்ப்பதற்கென வைத்திருந்த நோயுள்ள மாதிரியை, அந்தக் குழாயைச் சோதித்த அன்று காலை அதே மேசையில் திறந்தவர் அவரேதாம். கண்ணுக்குத் தெரியாத ஒரு திவலை குழாயில் தெறித்திருந்தால் போதும். தலைமை அதிகாரியோ, செத்த வாத்து இனி நீந்தப்போவதில்லை, வாயை மூடிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார்.

ஆய்வாளர் மூன்று வாரம் மென்று விழுங்கிப் பார்த்தார். உறக்கம் கெட்டதுதான் மிச்சம். கடைசியில் புறப்பட்டுப் போனார்.

வெறிச்சோடிய கொட்டகையில் அம்மாள் தீவனத் தொட்டிகளைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தார். ஆய்வாளர் ஒன்றையும் மறைக்காமல் சொல்லி முடித்தார்.

"அப்ப என் வாத்துக்கு ஒண்ணுமேயில்ல?"

"இல்லம்மா. தப்பு என் கையில."

அம்மாள் வைதிருந்தால் ஆய்வாளரின் பாரம் சற்றேனும் குறைந்திருக்கும், வையவில்லை. ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வேலிப்பக்கம் பார்த்தார். அங்கே ஓரகத்தி துணி உலர்த்திக்கொண்டிருந்தார்.

"எங்கிட்டச் சொன்னது போதும் தம்பி. இதையே ஒரு வார்த்தை குறைக்காம அவகிட்டயும் சொல்லிட்டுப் போங்க."