கராஜில் ஓர் அடுப்பு

என் அக்கா அம்மாவைக் கனடாவுக்குக் கூப்பிடுவது, கார் விடும் கராஜில் உட்கார வைத்துச் சாப்பாடு போடத்தான்.

அடுத்த வாரம் அம்மாவுக்குப் பயணம். வறுத்த மிளகாயும் மல்லியுமாக நான்கு கிலோவை அரைக்க, இன்று வெள்ளவத்தை மில்லில் நின்றோம். அக்கா வீடியோவில் வந்தாள்.

"அம்மா, தூள் கொண்டு வராதேங்கோ. பிள்ளையளின்ட ஜாக்கெட்டில மணம் பிடிச்சா ஸ்கூல்ல பகிடி பண்ணுவினம்."

"அப்ப நான் என்னத்தைப் பிள்ளை சாப்பிடுறது?"

"கராஜில அடுப்பு இருக்கு. அங்கயே சமைச்சுச் சாப்பிட்டிட்டு, உடுப்பு மாத்திட்டு உள்ள வாங்கோ. இவரின்ட அம்மாவும் அப்பிடித்தான் செய்தவ."

மில்கார அண்ணர் சிரித்தார். "அன்ரி, கராஜிலயும் ஸ்னோ கொட்டுமோ?"

அம்மா சிரிக்கவில்லை. "ஒரு கிலோ மட்டும் அரையுங்கோ தம்பி. எனக்கு மட்டும்தானே."

எங்கள் வீட்டில் ஒருவர் வராமல் மற்றவர் சோற்றில் கை வைத்ததில்லை. அக்காவும் அப்படி வளர்ந்தவள்தான்.

வீட்டுக்கு வந்ததும் அவளுக்கு எழுதினேன்: "உன்ர சாப்பாட்டு மேசையில அம்மாவுக்கு ஒரு கதிரை இருக்கா, இல்லையா? இப்பவே சொல்லு."

வாசித்துவிட்டாள். ஆறு மணித்தியாலமாகப் பதில் இல்லை.

கனடாவில் இருக்கும் நண்பர்களே, நீங்களாவது சொல்லுங்கள். உங்கள் வீட்டில் அம்மா எங்கே சாப்பிடுகிறார்?