அவவின் இருமல்

பாலையூற்றில் அந்த வீட்டை வாடகைக்கு எடுத்தபோது எனக்கு முதலில் பிடித்துப்போனது வளவுதான். குசினி வாசலிலிருந்து கிணற்றடி வரை யாரோ பார்த்துப் பார்த்து வளர்த்த செடிகள். ஆடாதோடை ஆளுயரத்துக்கு நின்றது. வேலி முழுக்க முசுமுசுக்கைக் கொடி. தூதுவளையும் கற்பூரவள்ளியும், பின்னால் ஒரு நொச்சியும், தண்ணீர் ஊற்ற ஆளில்லாமல் அரைவாசி காய்ந்தும் சாகாமல் கிடந்தன.

வீட்டுக்காரரின் மனைவி நட்டவை அவை. அந்த அம்மா இறந்து ஒரு வருடத்துக்கு மேலாகியிருந்தது. வீட்டுக்காரர் கிண்ணியாவில் மகனோடு போய் இருந்துவிட்டார். கதவுத் திறப்பைத் தரும்போது, படுக்கையறையில் நிற்கும் பெரிய அலுமாரி மட்டும் அங்கேயே நிற்கட்டும், கழற்றாமல் வாசலால் எடுக்க முடியாது என்றார். எங்களிடம் அலுமாரி இருக்கவில்லை. ஆகவே அது எங்களுக்கு வசதியாகவே போயிற்று. கட்டிலை அதன் அருகில் போட்டோம்.

கணவருக்குத் துறைமுகத்தில் வேலை. நான் அரசாங்க அலுவலகமான கச்சேரியில் எழுதுவினைஞர். வீடு முழுவதையும் கழுவித் துடைத்தபோது குசினிச் சுவர்த்தட்டில் மூன்று கண்ணாடிப் போத்தல்களைக் கண்டேன். ஒவ்வொன்றிலும் பிளாஸ்டர் துண்டு ஒட்டி, நீலப் பேனையால் எழுதியிருந்தது. ஒன்றில் 'காலை'. ஒன்றில் 'படுக்க முன்'. மூன்றாவதில் 'மழைக்கு'. உள்ளே பழுப்பு நிறத் தூள். மணந்து பார்த்தேன். வேர்க்கொம்பு, மிளகு, திப்பிலி, கொத்தமல்லி. எறிய மனம் வரவில்லை.

மாரி மழை தொடங்கிய கிழமையே எனக்கும் இருமல் தொடங்கியது. முதலில் தெருப்புழுதி என்றுதான் நினைத்தோம். துறைமுகத்துக்குப் போகும் லொறிகள் வெயில் நாட்களில் கிளப்பிய புழுதி இன்னும் நெஞ்சில் கிடக்கிறது என்று கணவர் சொன்னார். படுக்கையறை ஜன்னல்களை இறுக்கிப் பூட்டிவைத்தோம். மழைச் சாரலும் வராது, புழுதியும் வராது.

கைமருந்து எனக்குப் புதிதில்லை. ஆடாதோடை இலையை அவித்துத் தேன் விட்டுக் குடித்தேன். முசுமுசுக்கையை மல்லித் தண்ணீரோடு கொதிக்க வைத்தேன். பின்னேரங்களில் நொச்சி இலையில் ஆவி பிடித்தேன். தொண்டை இளகும், அரை நாள் நன்றாக இருக்கும், பிறகு திரும்ப வரும். போத்தல்களிலிருந்த பழைய தூளைக் கொட்டிவிட்டு, மணத்தை வைத்தே என்னென்ன சேர்ந்தது என்று கண்டுபிடித்து, புதிதாக இடித்து அதே போத்தல்களை நிரப்பினேன். எழுத்துகளை மாற்றவில்லை. மழை பெய்யும் நாட்களில் கை தானாகவே மூன்றாவது போத்தலுக்குப் போனது.

ஒரு காலை கிணற்றடியில் இலை பறித்துக்கொண்டு நின்று இருமினேன். வேலிக்கு அப்பால் பக்கத்து வீட்டு அக்கா முற்றம் கூட்டிக்கொண்டிருந்தவர், விளக்குமாற்றைக் கீழே விட்டுவிட்டார். முகத்தில் இரத்தமே இல்லை.

"என்னக்கா?" என்றேன்.

"ஒண்டுமில்லப் பிள்ள. உங்கட இருமல்..." என்று நிறுத்தினார். பிறகு வேலிக்குக் கிட்ட வந்தார். "கொஞ்ச நாளாக் கேக்கிறன். வீட்டுக்காரம்மா இருந்தாவே, அவவின்ட இருமல் மாதிரியே கிடக்கு. மூண்டு தரம் இருமிப்போட்டு, மூச்சை இழுக்கிறது. அவவும் இந்த இடத்திலதான் நிண்டு இலை பறிக்கிறவ."

அக்கா உள்ளே போய்விட்டார். அப்போதுதான் அந்த வளவை நான் சரியாகப் பார்த்தேன். பூச்செடி ஒன்றுகூட இல்லை. கறிவேப்பிலை இல்லை. பச்சைமிளகாய்க் கன்று இல்லை. நட்டிருந்த ஒவ்வொன்றும் நெஞ்சுக்கும் மூச்சுக்குமானது. அந்த அம்மா தோட்டம் போட்டிருக்கவில்லை. வருடக்கணக்காக மூச்சுக்குப் போராடியிருக்கிறார். அதன் மிச்சத்தைத்தான் நான் அழகென்று நினைத்துத் தண்ணீர் ஊற்றி வளர்த்திருக்கிறேன்.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் தனியாக இருக்க எனக்குப் பிடிக்கவில்லை. பேய் பிசாசு என்று நான் நினைக்கவில்லை. ஆனால் இருமல் வந்ததும் மனதுக்குள் எண்ணத் தொடங்கிவிடுவேன். ஒன்று, இரண்டு, மூன்று. பிறகு அந்த மூச்சிழுப்பு. என் நெஞ்சிலிருந்து வேறொருவர் இருமுவதுபோல இருக்கும். கணவரிடம் சொன்னேன். அந்த அக்காவோடு இனிக் கதைக்கவேண்டாம் என்றார். ஆனால் அன்றிலிருந்து நான் இருமும்போதெல்லாம் அவர் செய்வதை விட்டுவிட்டு என்னைப் பார்ப்பார்.

தை மாதம் வெருகலில் என் பெரியம்மா மகளின் புதுவீட்டுக் குடிபூரலுக்குப் போனோம். நாலு நாள் நின்றோம். அங்கேயும் மழைதான். போத்தல்களை நான் கொண்டுபோகவில்லை, இலையும் அவிக்கவில்லை. இரண்டாம் நாள் மத்தியானம், சோறு போட்டுக்கொண்டிருந்த கணவர் திடீரென்று, காலையிலிருந்து நீ இருமவில்லை என்றார். நாலு நாளும் இருமவில்லை. திரும்பி வந்து கதவைத் திறந்து, உடுப்புப் பையைக் கட்டிலில் வைத்து ஒரு மணித்தியாலம் ஆகவில்லை, நெஞ்சு இறுகியது.

மறுநாள் டொக்டரிடம் போனோம். நெஞ்சில் குழாய் வைத்து நெடுநேரம் கேட்டார். வெருகல் கதையைச் சொன்னதும் எழுதுவதை நிறுத்தி நிமிர்ந்தார். வீட்டில் எங்கேயாவது ஈரம் ஊறுகிறதா, பூஞ்சணம் பிடித்த சுவர் இருக்கிறதா என்று கேட்டார். இல்லை, சுவரெல்லாம் சுத்தம் என்றேன். இழுக்கும் பம்ப் ஒன்றை எழுதித் தந்து, குடிக்கிற கஷாயம் தொண்டைக்கு இதம் தரும், ஆனால் வருத்தம் எதனால் வருகிறது என்று பார்க்காமல் இதத்தை மட்டும் நம்பி இருக்கக்கூடாது என்றார்.

வீட்டுக்கு வந்து அறையின் நடுவில் நின்றேன். மூன்று சுவர்கள்தான் தெரிந்தன.

கணவரும் அவரோடு வேலை செய்யும் இருவருமாகச் சேர்ந்து அந்த ஞாயிற்றுக்கிழமை அலுமாரியை இழுத்தார்கள். முதலில் மணம் வந்தது. ஊறிப்போன சாக்கின் மணம். பின்பலகை உளுத்துக் கையோடு வந்தது. அதன் பின்னே சுவர் நிலத்திலிருந்து என் தோள் உயரம் வரை கறுப்பாக இருந்தது. மயிர்போலப் பூஞ்சணம் படர்ந்திருந்தது. சுவருக்கு மறுபுறம் குளியலறை. உள்ளே ஓடிய குழாய் எத்தனை வருடமாகக் கசிந்ததோ தெரியாது. நடுவில் ஒரு பாய் அளவு இடத்தில் எப்போதோ தேய்த்துக் கழுவிச் சுண்ணாம்பு பூசிய தடம் தெரிந்தது. கைக்கு எட்டிய உயரம் வரைதான் பூசியிருந்தது. என்னுடைய தலையணை அதிலிருந்து ஒரு முழத் தூரத்தில் கிடந்தது.

வீட்டுக்காரருக்குக் கோல் எடுத்துச் சொன்னோம். பின்னேரமே கிண்ணியாப் பாலத்தால் மோட்டார் சைக்கிளில் வந்துவிட்டார். குழாய் உடைந்திருக்கிறது, மேசனோடு வந்தால் நல்லது என்று மட்டும்தான் கணவர் சொல்லியிருந்தார். அவர் அறை வாசலில் செருப்பைக் கழற்றினார், உள்ளே வந்தார், சுவரைப் பார்த்தார். இருக்கக் கதிரை போட்டேன். இருக்கவில்லை.

"இந்தச் சுவர் மணக்குது எண்டு அவ சொன்னவ," என்றார், எங்களைப் பார்க்காமல். "சுண்ணாம்பு வாங்கித் தந்தன். அவவே பூசினவ. பிறகும் ஊறிச்சு. மகன்ட கலியாணப் பேச்சுக்கு ஆக்கள் வர இருந்தாங்க. வாறவங்கட கண்ணுல படக்கூடாதெண்டு நான்தான் தங்கச்சி, அலுமாரிய இழுத்து மறைச்சனான்."

எவ்வளவு காலத்துக்கு முன் என்று கணவர் மெதுவாகக் கேட்டார். அந்த மகனின் மூத்த பிள்ளை இப்போது பள்ளிக்கூடம் போகிறது என்றார் அவர். குசினிக்குள் பார்வை போனபோது தட்டில் இருந்த போத்தல்களைக் கண்டார். புதுத் தூள் நிரம்பியிருந்ததையும் கண்டார். பிறகு என்னைப் பார்த்தார். அப்போது எனக்கு இருமல் வந்தது. அடக்கப் பார்த்தேன், ஏலாமல் போயிற்று. அவர் கண்களை மூடிக்கொண்டார்.

"இதாலதானோ தங்கச்சி, அவ மௌத்தானது?"

"அப்பிடி ஆராலயும் சொல்ல ஏலாது, நானா," என்றேன். பொய் சொல்லவில்லை. அந்த அம்மாவுக்கு என்ன வருத்தம் என்று எனக்குத் தெரியாது. எந்த டொக்டரும் சுவரைப் பார்த்து எழுதித் தரவில்லை. ஆனால் அதைச் சொல்லும்போது நான் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் அதைக் கவனித்திருப்பார்.

அந்த மாதமே நாங்கள் டவுனில் காற்றோட்டமான மேல்மாடி ஒன்றுக்கு மாறினோம். வீட்டுக்காரர் குழாயை மாற்றி, அந்தச் சுவரை முழுதாக இடித்துக் கட்டினார் என்று பக்கத்து வீட்டு அக்கா போனில் சொன்னார். மேசன்மார் இடிக்கும்போது மூன்று நாளும் முற்றத்தில் நின்றே பார்த்தாராம். பிறகு யாருக்கும் வாடகைக்குக் கொடுக்கவில்லை.

என் இருமல் சித்திரைக்குள் போய்விட்டது. பம்ப் பையில் இருக்கிறது. இழுக்கத் தேவை வரவில்லை. இப்போது யார் வீட்டுக்குப் போனாலும் என் மூக்கு முதலில் சுவர்களைத் தேடுகிறது. கந்தோரில் ஒருவர் இருமினால், உங்கள் கட்டிலுக்குப் பின்னால் என்ன நிற்கிறது என்று கேட்டுவிடுகிறேன். சிலருக்கு அது பிடிப்பதில்லை.

போன மாதம் பஸ் நிலையத்தில் வீட்டுக்காரரைக் கண்டேன். கிண்ணியா பஸ்ஸுக்கு நின்றார். மெலிந்திருந்தார். கணவரைப் பற்றி விசாரித்தார். புது வீட்டைப் பற்றி விசாரித்தார். பிறகு பஸ் வரும் பக்கத்தைப் பார்த்தபடி, "இருமல் இப்ப எப்பிடித் தங்கச்சி?" என்று கேட்டார்.

அன்று சுவருக்கு முன்னால் நின்று அவர் கேட்ட அதே கேள்விதான் அது என்று அந்தக் கணத்தில் எனக்கு விளங்கியது. அந்தச் சுவரை விட்டு வந்தபின் நான் சுகமானதே அதற்குப் பதில். இன்னும் கொஞ்சம் இருக்கிறது என்று சொல்ல வாய் வரை வந்தது. ஆனால் பத்து நிமிடமாக அவர் பக்கத்திலேயே நிற்கிறேன். ஒரு தரமும் இருமவில்லை.

"இல்ல நானா. சுகமாப் போயிற்று."

"அல்ஹம்துலில்லாஹ்," என்றார். மனதாரத்தான் சொன்னார் என்று நினைக்கிறேன். பஸ் வந்தது. முன்பக்கத்தில் ஆசனம் வெறுமையாகக் கிடந்தும் அவர் இருக்கவில்லை. கம்பியைப் பிடித்தபடி, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றே போனார்.