அட்ஜஸ்ட் பண்ணித் தந்த ரூம்

குற்றாலத்தில் சீசன் நேரம். ஏழெட்டு லாட்ஜ் ஏறி இறங்கிக் கால் ஓய்ந்த பிறகு, காக்கிச் சட்டையும் நரைத்த மீசையுமாய் நின்ற ஒரு வாட்ச்மேன், "ரூம் ஒண்ணு அட்ஜஸ்ட் பண்ணித் தாரேன், வாங்க" என்றார்.

எல்லாவற்றுக்கும் அவருக்கு அந்த ஒரு சொல்தான். கதவைச் சாத்த முடியவில்லை என்றேன். "லேசாத் தூக்கி அட்ஜஸ்ட் பண்ணுங்க." குழாயில் தண்ணீர் இல்லை என்றேன். "மத்தியானம் வரைக்கும் அட்ஜஸ்ட் பண்ணிக்கிடுங்க."

கதவுக்குப் பின்னால் இன்னொரு காக்கிச் சட்டை தொங்கியது.

"இது உங்க ரூமா அண்ணாச்சி?"

"சீசன்ல இதையும் வாடகைக்கு விட்டுருவாவ. நான் படிக்கட்டுக்கு அடியில படுத்துக்கிடுதேன்." சட்டையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். "இடுப்புதான் அட்ஜஸ்ட் ஆவ மாட்டேங்கு."

ரூம் வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். ஓய்ந்த கால் விடவில்லை. கட்டிலின் நடுவே அவர் உடம்பளவுக்குப் பள்ளம் விழுந்திருந்தது. அதற்குள் என்னை அட்ஜஸ்ட் செய்துகொண்டு படுத்தேன்.